வார்டு வாசலில் காத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், அப்பா அம்மாக்களுக்கும்,

உள்ளே கட்டிலில் படுத்திருப்பவருக்கு நான் இதை எழுதவில்லை. அவருக்கு இப்போதைக்கு வலி தணிந்தால் போதும். வராந்தா பெஞ்சில், பெஞ்சும் கிடைக்காவிட்டால் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுவது நீங்கள். நர்ஸ் நீட்டும் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். யாரிடம் கைமாற்று கேட்கலாம், எந்த நகையை அடகு வைக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதும் நீங்கள்தான்.

நான் சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன். கோர்ட் வளாகத்தில் இவற்றை எம்.சி.ஓ.பி. கேஸ் என்போம். நஷ்டஈடு கோர்ட்டில் கிடைக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தீர்ப்பு அங்கேதான் வருகிறது, சரி. ஆனால் அந்தத் தீர்ப்பில் எவ்வளவு தொகை இருக்கும் என்பதில் பெரும்பகுதி, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த வராந்தாவிலேயே முடிவாகிவிடுகிறது. பதற்றத்தில் சொன்ன ஒரு வாய்வார்த்தை, வாங்காமல் விட்ட ஒரு தாள், யாரோ சொன்னார்கள் என்று போட்ட ஒரு கையெழுத்து: இவை இரண்டு வருடம் கழித்து எங்கள் மேஜைக்கு வரும்போது எந்த வக்கீலாலும் திருத்த முடிவதில்லை.

முதலில் இன்றைய செலவைப் பார்ப்போம். அவசர நிலையில் வந்தவருக்கு முதலுதவி தர, போலீஸ் வரட்டும் என்று எந்த மருத்துவரும் காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இதுதான் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கிலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு வசதி உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா, வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கக் கூடாது. திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். தொடங்கியபோது உச்சவரம்பு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய். ஆகவே பில்லிங் கவுண்டரில் முன்பணம் கேட்டதும் மோதிரத்தைக் கழற்றாதீர்கள். “நம்மைக் காக்கும் 48 இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறதா? எவ்வளவு வரைக்கும்?” என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

மத்திய அரசின் திட்டம் ஒன்றும் உண்டு. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இத்திட்டப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை பெறலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படியொரு பிரிவைச் சேர்த்த பிறகும் திட்டம் வராமலே கிடந்தது. அதை வரவைத்ததில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்கிருக்கிறது. கோவையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குக் கெடு விதித்தது. அடிபட்ட எலும்புகளைப் பொருத்திக்கொண்டிருந்த ஒருவர், ஆஸ்பத்திரி வாசலில் குடும்பங்கள் உடைவதையும் பார்த்து கோர்ட் படியேறினார். அதன் பலனைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

இந்த நாட்கள் தாண்டியும் சிகிச்சை தொடருமானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்கள் குடும்பத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு இங்கே வட்டிக்குக் கடன் வாங்கியவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இனி, பணத்தைவிட முக்கியமான ஒன்று. அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் நாலு வரி எழுதுவார். அதுதான் விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். என்பார்கள். “எப்படி அடிபட்டது?” என்று அவர் கேட்பார். கொண்டுவந்து சேர்த்தவர் விபத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார். “வண்டியிலேர்ந்து கீழே விழுந்துட்டாருங்க” என்பார். டாக்டரும் ‘இருசக்கர வாகனத்திலிருந்து தானே விழுந்ததாக’ என்று எழுதிவிடுவார். பின்னால் வந்து மோதிய லாரியைப் பற்றி அதில் ஒரு சொல் இருக்காது. நாளைக்கு லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கையில் எடுப்பது இந்த நாலு வரியைத்தான். “விபத்து நடந்து ஒரு மணி நேரத்தில், பொய் சொல்லத் தோன்றாத நேரத்தில் சொன்னது இது. லாரி பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறது” என்று வாதாடுவார்.

அதனால், நடந்தது தெரிந்தால் தெரிந்தபடி சொல்லுங்கள்: எந்த வண்டி, எங்கே, எப்படி மோதியது, நம்பர் தெரிந்தால் நம்பர். தெரியாவிட்டால் “எனக்குத் தெரியாது, சம்பவத்தைப் பார்க்கவில்லை” என்று சொல்லுங்கள். அதை அப்படியே எழுதச் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. ஊகித்துச் சொல்வதுதான் ஆபத்து. அந்த ஏ.ஆர். நகலைப் பின்னர் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். அது போயிருக்கும் என்று நம்பி இருந்துவிடாமல், குடும்பத்தில் ஒருவர் விபத்து நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகலோடு வரவேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குத் தரவேண்டும். உயிருக்குப் போராடிக்கொண்டிருந்ததால் புகார் தாமதமாகியிருந்தால் இடிந்துபோக வேண்டாம். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது, அடிபட்டவரைக் காப்பாற்றுவதுதான் குடும்பத்தின் முதல் வேலை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ரவி – பத்ரிநாராயண் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் ஒருவர் வருவார். நல்லவராகத்தான் இருப்பார், ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கி வருவார். “பையன் தெரியாம இடிச்சிட்டான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இந்தப் பத்தாயிரத்தை வச்சுக்குங்க. கேஸெல்லாம் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாம்” என்பார். கையில் ஒரு முத்திரைத்தாளும் இருக்கும். அந்தப் பத்தாயிரம் ஸ்கேனுக்கே பத்தாது. இதில் உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். அந்த வண்டிக்குக் காப்பீடு இருந்தால், நஷ்டஈடு கொடுக்கப்போவது இடித்த பையனோ அவன் அப்பாவோ இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே இதற்காகத்தான். ஆகவே அவர் மீது இரக்கப்படுவதற்கும் வழக்குப் போடுவதற்கும் முரண்பாடு எதுவும் இல்லை. உதவியாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்து, வார்டுக்கு வார்டு சுற்றிவரும் ஒரு வதந்தி. “ஜி.எச்.-இல் பார்த்தால் பில் இருக்காது, பில் இல்லாவிட்டால் நஷ்டஈடு வராது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துங்க, எல்லாம் இன்சூரன்ஸ்ல வந்துடும்.” இதை நம்பி, நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த அரசு மருத்துவமனையிலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய், லட்சக்கணக்கில் கடனாளியானவர்கள் உண்டு. மருத்துவச் செலவு என்பது நஷ்டஈட்டில் ஒரு தலைப்பு மட்டுமே. வருமான இழப்பு, நிரந்தர ஊனம், வலி வேதனை, வாழ்க்கையின் வசதிகளை இழந்தது, இனிமேல் ஆகப்போகும் சிகிச்சை எல்லாம் தனித்தனித் தலைப்புகள். இவற்றுக்குத் தனியார் பில் தேவையில்லை. அரசு மருத்துவமனையின் உள்நோயாளிப் பதிவும் டிஸ்சார்ஜ் சம்மரியுமே வலுவான ஆதாரம். மருத்துவக் காரணத்துக்காக மாற்றுவதென்றால் மாற்றுங்கள். பில்லுக்காக மாற்றாதீர்கள். கடனை நாளைக்கே கட்ட வேண்டும். தீர்ப்பு வர வருடங்கள் ஆகும்.

இனி அந்த மஞ்சப்பைக்கு வருவோம். உங்கள் கையில் இருக்கும், எக்ஸ்ரேயும் சீட்டுகளும் திணித்த பை. எதிர்த்தரப்பு வக்கீல் அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பார் என்று சொல்கிறேன். உங்களைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி ஒரு மருந்து பில்லை எடுப்பார். “நோயாளி பெயர் கணேசன். பில்லில் கணேஷ் என்று இருக்கிறதே, அது யார்?” அடுத்த பில். “இதில் பெயரே இல்லை.” அடுத்தது. “டிஸ்சார்ஜ் ஆன பிறகு வாங்கிய மருந்து. இதற்கு டாக்டர் எழுதிய சீட்டு எங்கே?” அடுத்தது. “முன்பணம் கட்டிய ரசீதுகள் ஐந்தைக் கொடுத்திருக்கிறீர்கள். கடைசி பில்லையும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த முன்பணம் கடைசி பில்லில் கழிக்கப்பட்டிருக்கிறதே, ஒரே பணத்தை இரண்டு முறை கேட்கிறீர்களா?” நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நாலு கேள்வியில், மீதமுள்ள நல்ல பில்கள் மீதும் சந்தேகம் விழுந்துவிடும்.

வழக்கு ஒன்றில், காலெலும்பு முறிந்த சுமை தூக்கும் தொழிலாளியின் மனைவி, ஒரு மருந்து பில்லைக்கூடத் தொலைக்காமல், பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டு கட்டி எடுத்துவந்தார். பிரித்தால் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். கடைகளில் மிஷினில் அடித்துத் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து சூட்டால் பதிவது. வெயிலும் வியர்வையும் பிளாஸ்டிக்கும் பட்டால் சில மாதங்களில் மறைந்துவிடும். அந்த அம்மா விரலை வைத்து “இது ஆண்டிபயாடிக் ஊசிக்கு, இது கட்டுப்போட்ட துணிக்கு” என்று ஒவ்வொரு வெற்றுத்தாளையும் அடையாளம் சொன்னார். கோர்ட்டுக்கு அந்த ஞாபகம் போதாது. படிக்க முடிந்தவற்றைத்தான் தீர்ப்பாயம் ஏற்றது.

ஆகவே, பில் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு சேர்த்துக் குத்திவையுங்கள். போனில் ஒரு போட்டோவும் எடுங்கள். கடையில் நோயாளியின் முழுப்பெயரையும், உள்நோயாளி (ஐ.பி.) நம்பர் இருந்தால் அதையும் பில்லில் போடச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். டிஸ்சார்ஜ் அன்று மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்லை ஏற்காமல், அறை வாடகை, ஆபரேஷன், பிளேட், ஸ்குரூ, மருந்து என்று இனம் பிரித்த பில்லைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னெறி விதி. அதே விதிப்படி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சொந்த மெடிகிளைம் பாலிசி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கம்பெனி அசல் பில்களை வாங்கிக்கொள்ளும். கொடுக்கும் முன் முழுச் செட்டுக்கும் ஜெராக்ஸ் எடுங்கள். எவ்வளவு தந்தார்கள் என்ற கடிதத்தையும் வாங்கி வையுங்கள். மெடிகிளைமில் வந்த தொகையை நஷ்டஈட்டில் கழிக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. கழிக்கலாம் என்று சொன்ன தீர்ப்புகளும் உண்டு. எதுவானாலும் உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். “கொஞ்சம் கூட்டி பில் போட்டுத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு பொய் பில் பிடிபட்டால் உண்மையான ஐம்பது பில்லும் சேர்ந்து போகும், கிரிமினல் வழக்கும் வரும்.

பில்லே இல்லாத செலவுகளும் உண்டு. ஆட்டோ, ஆம்புலன்ஸ், டாக்டர் சொன்ன முட்டை, பால், பழம், உங்கள் சாப்பாடு. 2011-இல் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டின் தலைப்புகளை வகுத்தபோது, போக்குவரத்தையும் சத்துணவையும் மருத்துவச் செலவோடு சேர்த்தே சொல்லியிருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அன்றன்றைக்குத் தேதி போட்டு எழுதுங்கள். யார் கூட இருந்தார்கள், அவருக்கு எத்தனை நாள் கூலி போனது என்பதையும் எழுதுங்கள். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு விலை உண்டு. விபத்தில் முற்றிலும் முடங்கிப்போன பன்னிரண்டு வயதுச் சிறுமியின் வழக்கில் (கஜல் – ஜகதீஷ் சந்த், 2020), உதவியாளர் செலவுக்கு மட்டும் 21,60,000 ரூபாய் தந்தது உச்ச நீதிமன்றம். “அம்மா பார்த்துக்கொள்கிறாள், அதற்கென்ன செலவு” என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

பிளேட் வைத்திருந்தால் பின்னால் அதை எடுக்க ஒரு ஆபரேஷன் தேவைப்படலாம். அதற்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எத்தனை சதவீதம் ஊனம் என்பது ஒரு கணக்கு. அவர் தொழிலை அது எவ்வளவு பாதித்தது என்பது வேறு கணக்கு. இடது கை போன ஒரு குமாஸ்தா வேலையில் தொடரலாம். ஓட்டுநரோ தச்சரோ தொடர முடியாது. ராஜ்குமார் வழக்கில் கோர்ட் சொன்ன உதாரணம்தான் இது. ஆகவே அவர் என்ன வேலை செய்தார், என்ன சம்பாதித்தார் என்பதற்குச் சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், லைசென்ஸ், தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த அட்டை என்று எது இருந்தாலும் அதே பையில் சேருங்கள்.

யாரிடம் கேட்பது? மோதிய வண்டிக்குக் காப்பீடு இருந்தால் அந்தக் கம்பெனி, இல்லாவிட்டால் உரிமையாளர். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், பலத்த காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் அரசு நிதியிலிருந்து உண்டு. யாரும் மோதாமல் தானே சறுக்கி விழுந்தவருக்கு அவர் வண்டியின் மூன்றாம் நபர் பாலிசி ஆஸ்பத்திரி பில்லைத் தராது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மோதியது அரசுப் பேருந்து என்றால் தீர்ப்புக்குப் பிறகும் பணத்துக்கு அலைய நேரலாம். கோர்ட் ஊழியர் பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியைப் பேப்பரில் நீங்களே படித்திருப்பீர்கள்.

மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. அவற்றை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். நஷ்டஈட்டுத் தொகைக்கான வட்டியும் வழக்கமாக மனுப் போட்ட நாளிலிருந்துதான் கணக்காகும்.

கடைசியாக, எங்கள் தொழிலைப் பற்றியே ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து, “செலவே இல்லாம கேஸ் நடத்தித் தர்றோம், வர்றதுல இத்தனை சதவீதம் குடுத்தா போதும்” என்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் புரோக்கர்களிடம் சிக்காதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் நிர்ணயிக்க இந்திய வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை. பார் கவுன்சில் விதி அது. வெற்றுத்தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்புத் தொகை அடிபட்டவரின் வங்கிக் கணக்குக்கே வரும்படி பாருங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்; 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. லோக் அதாலத்தில் சமரசம் பேசினால் பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் ஒப்புக்கொள்ளும் முன் மஞ்சப்பையைப் பிரித்து முழுக்கணக்கையும் பாருங்கள்.

இவ்வளவையும் உங்கள் தலையில் ஏற்றுவது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமில்லைதான். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஒவ்வொரு விபத்துப் பிரிவிலும் ஒரு ஆளை உட்கார வைத்திருக்க வேண்டும். அது வரும்வரை உங்களுக்கு நீங்களே துணை. இன்றைக்கு மூன்று காரியம் செய்யுங்கள்: ஏ.ஆர்.-இல் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள், பில்களை ஜெராக்ஸ் எடுங்கள், ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்காகக் காத்திருப்பவரிடமும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞன்